பாரிஸில் அந்த ‘ஸ்’ எங்கிருந்து வந்தது? பிரெஞ்சு ஊர்ப்பெயர்களும் ஆங்கில உச்சரிப்பும்

2024 ஒலிம்பிக் விழாவின் அறிவிப்புகள் முதலில் பிரெஞ்சிலும் அடுத்து ஆங்கிலத்திலும் ஒலித்தன. ஒலிம்பிக் அமைப்பின் அலுவல் மொழிகள் அவை இரண்டும்தான். அதனால் ஒரே ஒலிபெருக்கியில் அதே நகரின் பெயர் முதலில் ‘பாரி’ என்றும், சில நொடிகளில் ‘பேரிஸ்’ என்றும் வந்தது.

மனு பாக்கர் இரண்டு வெண்கலப் பதக்கங்கள் வென்ற துப்பாக்கி சுடும் களம் பாரிஸில் இல்லை. அது தெற்கே, சாலை வழியில் 250 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள ஷாத்தோரூ என்ற ஊரில் இருந்தது. சென்னையின் நேத்ரா குமணன் பாய்மரப் படகுப் போட்டியில் கலந்துகொண்டது மத்தியதரைக் கடலோரத்து மர்செய் நகரில். இந்த மூன்று பெயர்களையும் ஆங்கிலம் மூன்று விதமாக நடத்துகிறது. பாரிஸின் கடைசி எழுத்தை அழுத்தமாக ஒலிக்கிறது. ஷாத்தோரூவின் எழுத்துக்கூட்டலில் கடைசியாக நிற்கும் ‘எக்ஸ்’ எழுத்தைப் பிரெஞ்சுக்காரர்களைப் போலவே விழுங்கிவிடுகிறது. மர்செய்க்குப் பிரெஞ்சில் இல்லாத ஓர் ‘எஸ்’ எழுத்தைப் பழைய ஆங்கிலப் புத்தகங்கள் கடைசியில் சேர்த்தன. இன்றைய புத்தகங்கள் அதை நீக்கிவிட்டன.

ஊர்க்காரர்கள் ‘பாரி’ என்னும்போது ஆங்கிலேயர் ‘பேரிஸ்’ என்பது பிழையில்லையா என்று பலரும் கேட்கிறார்கள். பிழை என்றால் மற்ற பெயர்களில் மட்டும் ஏன் கவனமாக இருக்கிறார்கள் என்ற கேள்வியும் கூடவே வருகிறது. இதற்கு விடை காண, ஒவ்வொரு பெயரும் எப்போது, எந்த வழியாக ஆங்கிலத்துக்குள் வந்தது என்று பார்க்க வேண்டும்.

அகப்பெயரும் புறப்பெயரும்

ஓர் ஊரில் வாழ்பவர்கள் தங்கள் மொழியில் அதற்கு வழங்கும் பெயர் அகப்பெயர். வெளியார் தங்கள் மொழியில் வழங்கும் பெயர் புறப்பெயர். தூத்துக்குடி அகப்பெயர், டூட்டிக்கோரின் புறப்பெயர். தரங்கம்பாடி அகப்பெயர், டிராங்குபார் புறப்பெயர். புவியியல் பெயர்களைத் தரப்படுத்துவதற்கான ஐ.நா.வின் முதல் மாநாடு 1967-இல் ஜெனீவாவில் நடந்தது. அந்த வரிசையில் வந்த மாநாடுகள், புறப்பெயர்களின் பயன்பாட்டைக் குறைத்துக்கொள்ளுமாறு நாடுகளுக்குப் பரிந்துரைத்திருக்கின்றன.

பிரெஞ்சு ஊர்ப்பெயர்களுக்கு இந்த இரண்டு பெட்டிகள் போதவில்லை. ஆங்கிலமும் பிரெஞ்சும் ஒரே எழுத்துகளில் எழுதப்படுவதால், எழுத்து மாறாமல் ஒலி மட்டும் மாறிவிட முடியும். ஆகவே நான்கு நிலைகள் உண்டு.

1. எழுத்தும் ஒலியும் வேறு. பிரெஞ்சின் ‘புர்கோஞ்’ ஆங்கிலத்தில் ‘பர்கண்டி’; ‘பிரெத்தாஞ்’ ஆங்கிலத்தில் ‘பிரிட்டனி’.

2. எழுத்து ஒன்றே, ஒலி வேறு. பாரிஸ் இந்த வகை.

3. எழுத்தில் சிறு மாற்றம், ஒலி பிரெஞ்சுக்கு அருகில். லியோன், மர்செய் இரண்டுக்கும் ஆங்கிலம் கடைசியில் ‘எஸ்’ சேர்த்து எழுதிவந்தது இப்படித்தான்.

4. எழுத்து ஒன்றே, ஒலியும் இயன்றவரை பிரெஞ்சு. ஷாத்தோரூ, துலூஸ் போன்றவை.

விவாதம் அதிகம் எழுவது இரண்டாம் வகையில்தான். எழுத்து ஒன்றாக இருப்பதால், ஒலி வேறுபடும்போது ஒருவர் தவறாகப் படிக்கிறார் என்று தோன்றிவிடுகிறது. பாரிஸைப் பொறுத்தவரை அந்தத் தோற்றம் உண்மைக்கு நேர்மாறானது.

அந்த ‘எஸ்’ பிரெஞ்சுக்காரர்களுடையது

ரோமானியர் காலத்தில் பாரிஸின் பெயர் லுட்டேஷியா. அந்தப் பகுதியில் வாழ்ந்த கெல்ட்டிய இனக்குழுவுக்குப் பாரிசி என்று பெயர். ஊர்ப்பெயர் மறைந்து இனக்குழுவின் பெயரே ஊருக்கு நிலைத்தது. இன்றைய எழுத்துக்கூட்டலின் கடைசி ‘எஸ்’ அந்த இனக்குழுப் பெயரிலிருந்து வருவது.

பழைய பிரெஞ்சில் அந்த எழுத்து ஒலித்தது. நார்மண்டியின் வில்லியம் 1066-இல் இங்கிலாந்தை வென்றபின், அந்நாட்டின் அரசவையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு பல தலைமுறைகள் ஆட்சி செய்தது. பிரெஞ்சுச் சொற்களும் பெயர்களும் பெருமளவில் ஆங்கிலத்துக்குள் வந்த காலம் அது. ஆங்கிலேயர் காதில் விழுந்தது ‘ஸ்’ ஒலியோடு கூடிய பெயர், அப்படியே வாங்கிக்கொண்டார்கள். அதற்குப் பிறகுதான் பிரெஞ்சில் சொல்லிறுதி மெய்கள் சில நூற்றாண்டுகளில் படிப்படியாகத் தேய்ந்து மறைந்தன. எழுத்து மட்டும் தாளில் தங்கியது. ஒலியைக் கைவிட்டது பிரெஞ்சு, பிடித்துக்கொண்டிருப்பது ஆங்கிலம். ‘பேரிஸ்’ என்பதைப் பிழை என்று சொல்பவர்கள் இந்த வரிசையைத் தலைகீழாக வைத்துக்கொண்டு பேசுகிறார்கள்.

மறைந்த மெய் முற்றிலும் சாகவும் இல்லை. அடுத்த சொல் உயிரெழுத்தில் தொடங்கினால் பிரெஞ்சில் அது பல இடங்களில் மீண்டும் ஒலிக்கும். ‘லே’ என்ற சுட்டுச்சொல்லோடு ‘அமி’ என்ற சொல் சேரும்போது ‘லே-அமி’ என்று வருவதில்லை. ‘லேசமி’ போல, இடையில் அந்தப் பழைய ‘எஸ்’ எழுந்து நிற்கும். நிலைமொழி ஈறும் வருமொழி முதலும் சந்திக்கும்போது ஒலி மாறுவதைப் புணர்ச்சி என்று படித்து வளர்ந்த நமக்கு இது எளிதில் விளங்கும்.

ஷாத்தோரூவின் தலையில் ஒரு தொப்பி

இந்த வரலாற்றுக்கு ஒரு கண்ணெதிர்ச் சான்று ஷாத்தோரூவின் பெயரிலேயே இருக்கிறது. பிரெஞ்சில் எழுதும்போது அதன் முதல் ‘ஏ’ எழுத்தின் மேல் கூரை போன்ற ஒரு சிறு குறி இருக்கும். பெயரின் முதற்பகுதியான ‘ஷாத்தோ’ கோட்டையைக் குறிக்கும். பிற்பகுதி ‘ரவூல்’ என்ற பிரபுவின் பெயர் திரிந்தது. ரவூலின் கோட்டை என்பதுதான் ஊர்ப்பெயரின் பொருள்.

கோட்டைக்கான பழைய பிரெஞ்சுச் சொல் ‘சஸ்தெல்’ போல ஒலித்தது. அதில் ‘ஸ்’ இருந்தது. பேச்சில் அது மறைந்தபிறகும் நெடுங்காலம் எழுத்தில் நீடித்தது. பிரெஞ்சு அகாதெமி 1740-இல் வெளியிட்ட அகராதிப் பதிப்பு, ஒலிக்காத அத்தகைய ‘எஸ்’ எழுத்துகள் பலவற்றை நீக்கியது. அவற்றுக்கு முன்னிருந்த உயிரெழுத்துகள் பலவற்றின்மேல் கூரைக் குறி ஏறியது. ஆகவே பல சொற்களில் அந்தக் குறி, இங்கே ஓர் எழுத்து இருந்தது என்று சொல்லும் நடுகல்.

அதே சொற்களை ஆங்கிலம் முன்பே வாங்கியிருந்ததால் அங்கே ‘ஸ்’ எழுத்தில் நிலைத்துவிட்டது, பெரும்பாலும் ஒலியிலும். பிரெஞ்சில் ‘ஓப்பித்தால்’, ஆங்கிலத்தில் ‘ஹாஸ்பிட்டல்’. பிரெஞ்சில் ‘ஃபோரே’, ஆங்கிலத்தில் ‘ஃபாரஸ்ட்’. பிரெஞ்சில் கடற்கரை ‘கோத்’, ஆங்கிலத்தில் ‘கோஸ்ட்’. மருத்துவமனையை ‘ஹாஸ்பிட்டல்’ என்று சொல்லும் ஆங்கிலேயரை யாரும் திருத்தப் போவதில்லை. பாரிஸ் அதே காலத்துச் சரக்கு, அதே வழியில் வந்தது.

காதால் வாங்கியவை, போரில் வாங்கியவை

நார்மானியர் இங்கிலாந்திலேயே பிரெஞ்சில் பெயர் வைத்த இடங்கள் உண்டு. ஹாம்ப்ஷயரில் அழகிய இடம் என்ற பொருளில் வைத்த ‘போலியூ’வை ஊர்க்காரர்கள் ‘பியூலி’ என்கிறார்கள். லெஸ்டர்ஷயரில் அழகிய காட்சி என்ற பொருளில் வைத்த ‘பெல்வுவார்’ இன்று ‘பீவர்’. எழுத்து பிரெஞ்சில் நிற்கிறது. ஒலி எண்ணூறு, தொள்ளாயிரம் ஆண்டு ஆங்கில வாயில் உருண்டு தேய்ந்த கூழாங்கல்லாகிவிட்டது.

கலே துறைமுகம் 1347 முதல் 1558 வரை இங்கிலாந்தின் ஆட்சியில் இருந்தது. அக்கால ஆங்கிலேயர் அதைக் ‘காலிஸ்’ என்று சொன்னார்கள், அவ்வாறே எழுதவும் செய்தார்கள். நகரம் கைவிட்டுப் போனபிறகு அந்த ஒலியும் மெல்லப் போய்விட்டது. இன்று லண்டனில் யாரும் காலிஸ் என்பதில்லை, ‘கேலே’ என்கிறார்கள். பாரிஸ் நிலைத்து காலிஸ் மறைந்ததைப் பார்க்கும்போது, புறப்பெயர் என்றென்றைக்குமானது அல்ல என்பது தெரிகிறது.

டன்கர்க்கின் கதை வேறு. 1940-இல் 3,38,000-க்கும் அதிகமான வீரர்கள் கப்பல்களிலும் படகுகளிலும் மீட்கப்பட்ட கடற்கரை அது. மணற்குன்றுத் தேவாலயம் என்ற பொருள் கொண்ட அந்தப் பெயர் பிறப்பால் பிரெஞ்சே அல்ல, டச்சு மொழியின் ஒரு வகையான பிளெமிஷ். பிரெஞ்சு வடிவமும் ஆங்கில வடிவமும் இரண்டுமே அதற்குப் புறத்தே பிறந்தவை.

முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் வீரர்கள் பெல்ஜியத்தின் ‘ஈப்ர்’ நகரை ‘வைப்பர்ஸ்’ என்றார்கள். ‘எதாப்ல்’ என்ற முகாம் நகரம் ‘ஈட் ஆப்பிள்ஸ்’ ஆனது. ‘ஓஷோன்வில்லேர்’ என்ற சிற்றூர், கடலே இல்லாத இடத்தில், ‘ஓஷன் வில்லாஸ்’ ஆனது. பிரெஞ்சு அறியாத இளைஞர்கள் சகதிக்குள் நின்றுகொண்டு, பெயர்ப்பலகையைக் கண்ணால் பார்த்து, தெரிந்த ஆங்கிலச் சொல்லாக மாற்றி நினைவில் வைத்துக்கொண்ட பெயர்கள் இவை. அவற்றை அறியாமை என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வருவதில்லை. திரும்பி வராதவர்கள் கடைசியாகச் சொன்ன ஊர்ப்பெயர்களில் இவையும் உண்டு.

அதே போர்முனையில் நவ் ஷப்பெல் என்ற ஊரில் 1915 மார்ச்சில் இந்தியப் படைகள் போரிட்டன. கல்லறை அறியப்படாத 4,700-க்கும் மேற்பட்ட இந்தியர்களின் பெயர்களைத் தாங்கிய நினைவகம் 1927-இல் அங்கே திறக்கப்பட்டது. நவ் ஷப்பெல் என்றால் புதிய சிற்றாலயம்.

கண்ணால் வாங்கியவை: அமெரிக்கா

அமெரிக்காவுக்கு வந்தால் கணக்கு மாறுகிறது. வட அமெரிக்காவின் நடுப்பகுதியில் பிரெஞ்சுக்காரர்கள் வைத்த பெயர்களை, பின்னால் வந்த ஆங்கிலம் பேசும் குடியேறிகள் வரைபடத்திலும் ஆவணத்திலும் பார்த்துப் படித்தார்கள். சில இடங்களில் பழைய குடிகளின் வாயிலிருந்து கேட்டார்கள். கண்ணும் காதும் எந்த அளவில் கலந்தன என்பதைப் பொறுத்து ஒவ்வோர் ஊருக்கும் ஒரு விதி அமைந்தது.

டெட்ராய்ட் முழுக்கக் கண்ணால் வாங்கியது. 1701-இல் பிரெஞ்சு அதிகாரி காடியாக் அங்கே கோட்டை அமைத்தபோது, இரு ஏரிகளுக்கு இடைப்பட்ட நீரிணை என்ற பொருளில் வந்த பிரெஞ்சுச் சொல் ‘தேத்ருவா’. ஆங்கிலம் எழுத்துகளை ஆங்கில முறையில் படித்து ‘டெட்ராய்ட்’ ஆக்கியது. இல்லினாய் பாதி கண், பாதி காது: நடுவில் உள்ள உயிரொலி எழுத்தைப் பார்த்துப் படித்தது, கடைசி ‘எஸ்’ ஒலிக்காதது பிரெஞ்சிலிருந்து கேட்டது.

லூயி என்ற பெயர் படும் பாட்டைப் பாருங்கள். 1764-இல் நிறுவப்பட்ட நகரம் ‘செயின்ட் லூயிஸ்’. அங்கே ‘ஸ்’ ஒலிக்கிறது. பதினாறாம் லூயியின் பெயரில் 1780-இல் பெயர் பெற்ற கென்டக்கி நகரத்தை ஊர்க்காரர்கள் ‘லூவல்’ என்று சுருக்கிவிடுகிறார்கள்; அங்கே ‘ஸ்’ இல்லை. அயோவாவின் தலைநகரம் ‘டி மாய்ன்’. அதன் இரண்டு ‘எஸ்’ எழுத்துகளும் ஊமை. சிகாகோவுக்குப் பக்கத்தில், பிரெஞ்சின் அதே முதற்சொல்லைக் கொண்ட இன்னொரு நகரம் ‘டெஸ் பிளெய்ன்ஸ்’. அங்கே இரண்டும் ஒலிக்கின்றன. கென்டக்கியில் பிரெஞ்சு மன்னர்களின் அரண்மனைப் பெயரைக் கொண்ட ஊர் ‘வெர்சேல்ஸ்’. அங்கே போய் ‘வெர்சாய்’ என்று கேட்டால், பிரெஞ்சு சரி, ஊர் தவறு.

மேய்ன் மாநிலத்தில் கலேயின் பெயரைக் கொண்ட ஊரை அவர்கள் ‘கேலஸ்’ என்கிறார்கள். இங்கிலாந்து கைவிட்ட பழைய ‘காலிஸ்’ ஒலிக்கு அது எவ்வளவு அருகில் இருக்கிறது!

ஆர்க்கன்சா என்ற பெயரின் உச்சரிப்பு சட்டமன்றம் வரை போனது. அந்த மாநிலத்தின் பெயர் பழங்குடிப் பெயர் ஒன்றின் பிரெஞ்சு எழுத்து வடிவம். சிலர் கடைசி ‘எஸ்’ எழுத்தை ஒலித்து, இரண்டாம் அசையை அழுத்தி ‘ஆர்க்கான்சஸ்’ என்றார்கள். சிலர் ‘ஆர்க்கன்சா’ என்றார்கள். 1881-இல் மாநிலச் சட்டமன்றம் தீர்மானமே நிறைவேற்றியது: மூன்று அசைகள், முதலிலும் கடைசியிலும் அழுத்தம், கடைசி ‘எஸ்’ ஒலிக்கக் கூடாது. ஓர் ஊர்ப்பெயரின் உச்சரிப்பை அசையசையாகப் பிரித்துச் சொல்லும் அரசு ஆவணம் அரிது. ஆனால் அந்தத் தீர்மானம் எல்லையோடு நின்றுவிட்டது. அதே பெயருள்ள ஆற்றைக் கேன்சஸ் மாநிலத்தில் பலர் இன்றும் ‘ஆர்க்கான்சஸ்’ என்றே சொல்கிறார்கள்.

ஒலிகள் ஏன் ஒட்டுவதில்லை

முழு மனதோடு முயன்றாலும் ஆங்கில வாய்க்குச் சில பிரெஞ்சு ஒலிகள் வசப்படுவதில்லை. பிரெஞ்சின் ரகரம் உள்நாக்கருகே உரசிப் பிறப்பது. உதட்டைக் குவித்து ‘ஊ’ போல வைத்துக்கொண்டு உள்ளே ‘ஈ’ சொல்லும் உயிர் ஒன்று அங்கே உண்டு, ஆங்கிலத்தில் இல்லை. எல்லாவற்றையும்விட அழுத்தம்தான் பெரிய தடை. பிரெஞ்சில் அசைகள் ஏறக்குறைய சம எடையில் ஓடிக் கடைசி அசையில் சற்று ஊன்றும். ஆங்கிலம் ஓர் அசையைத் தூக்கி மற்றவற்றை நசுக்கும். பேரிஸில் முதல் அசை ஓங்கி இரண்டாவது ஒடுங்குவது அதனால்தான்.

இங்கே தமிழ் பேசுபவர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது; அதை நாம் பெரும்பாலும் உணர்வதில்லை. லியோன், ரேன்ஸ், நாந்த் போன்ற பெயர்களில் வரும் மூக்குயிர் ஆங்கிலத்தில் இல்லை. நம் அன்றாடப் பேச்சில் இருக்கிறது. ‘மரம்’ என்ற சொல்லை வீட்டில் பேசும் வேகத்தில் சொல்லிப் பாருங்கள். கடைசியில் உதடு மூடுவதில்லை. மகரம் மறைந்து, உயிர் மூக்கின் வழியே கசிகிறது. ‘வந்தான்’ என்பதிலும் கடைசி னகரம் அப்படித்தான் கரைகிறது. லியோனின் முடிவும் அதுதான். பிரெஞ்சின் ‘டி’ எழுத்து நாக்கு பல்லைத் தொட்டு வருவது. அது நம் தகரம், ஆங்கில டகரம் அல்ல. ‘துலூஸ்’ என்று எழுதும்போது நாம் பிரெஞ்சுக்கு அருகில் இருக்கிறோம். ‘டூலூஸ்’ என்று எழுதினால் ஆங்கிலம் சுற்றிவந்த பெயரை எழுதுகிறோம். புதுச்சேரித் தமிழில் பிரான்சுவா மர்த்தேன் என்று எழுதியவர்களுக்கு இது தெரிந்திருந்தது.

எழுத்தைப் பார்த்துப் பிரெஞ்சு ஒலியை ஊகிக்கச் சில விதிகள் உதவும்.

1. சொல்லிறுதி எஸ், டி, எக்ஸ், இசட் பெரும்பாலும் ஒலிக்காது. அதனால்தான் ‘பொர்தோ’, ‘ஷாத்தோரூ’, ‘சேன் த்ரோப்பே’.

2. அவற்றுக்குப் பின் ஓர் ‘இ’ எழுத்து வந்தால் மெய் ஒலிக்கும், ‘இ’ ஒலிக்காது. நாந்த் என்பதில் தகரம் கேட்பது அதனால்.

3. உயிரைத் தொடர்ந்து அதே அசையில் ‘என்’ அல்லது ‘எம்’ வந்தால் மூக்குயிர்.

இந்த விதிகளை மட்டும் நம்பிப் போனால் ஓர் இடத்தில் விழுவோம். ரேன்ஸ் நகரின் கடைசி ‘எஸ்’ பிரெஞ்சிலேயே ஒலிக்கும். ‘அராஸ்’, ‘எக்ஸ்’, ‘பிரெஸ்ட்’ ஆகிய ஊர்ப்பெயர்களிலும் கடைசி மெய் உயிரோடு இருக்கிறது. ‘மெஸ்’ என்ற நகரின் எழுத்தில் ‘டி’யும் ‘இசட்’டும் இருக்க, ஒலிப்பது ‘ஸ்’ மட்டும். முதல் விதியைக் கற்றுக்கொண்ட உற்சாகத்தில் ரேன்ஸின் ‘ஸ்’ ஒலியை விழுங்குபவர்கள் உண்டு. மொழியியலில் இதற்கு மிகைத்திருத்தம் என்று பெயர். ஆங்கில மரபுப்படி ‘ரீம்ஸ்’ என்பவர் ஒரு வழக்கைப் பின்பற்றுகிறார். மிகைத்திருத்தம் செய்பவருடைய ஒலியோ பிரெஞ்சிலும் இல்லை, ஆங்கிலத்திலும் இல்லை.

பெயருக்கு உரியவர்கள் கேட்கும்போது

ஐவரி கோஸ்ட் நாடு 1986-இல் தன் பெயரை எந்த மொழியிலும் மொழிபெயர்க்கக் கூடாது, பிரெஞ்சு வடிவமான ‘கோத் தீவுவார்’ மட்டுமே வேண்டும் என்று உலக நாடுகளைக் கேட்டது. தந்தக் கடற்கரை என்று பொருள் தரும் பெயர் அது. ஒவ்வொரு மொழியும் மொழிபெயர்த்துக்கொண்டதால், அகரவரிசையில் அந்நாட்டின் இடம் மாநாட்டுக்கு மாநாடு மாறியது. ஒரு நாட்டுக்கு அது சிறு சங்கடம் அல்ல. ஐ.நா.வும் ஒலிம்பிக் அமைப்பும் பிரெஞ்சு வடிவத்தையே வழங்குகின்றன. ஆங்கில நாளிதழ்கள் பல இன்னும் ஐவரி கோஸ்ட்டை விடவில்லை. ஒரு நாடு முறைப்படி கேட்டபிறகு கொடுத்துவிடுவதுதான் மரியாதை என்பது என் எண்ணம்.

புர்கோஞ் பகுதியின் ஒயின் உற்பத்தியாளர் அமைப்பும் சில ஆண்டுகளுக்கு முன் இதையே கேட்டது: ஆங்கிலத்திலும் பர்கண்டி வேண்டாம், புர்கோஞ் என்றே வழங்குங்கள். பாட்டில் சீட்டில் ஒரு பெயர், கடை அலமாரியில் இன்னொரு பெயர் என்று இருந்தால் வாங்குபவர் குழம்புகிறார். இங்கே காரணம் வணிகம், கோரிக்கை நியாயமானது. ஆனால் இடைக்கால வரலாற்றில் வரும் பர்கண்டிக் கோமகன்களின் பெயரை அதற்காகத் திருத்த வேண்டியதில்லை. லியோன், மர்செய் இரண்டின் ஒட்டு ‘எஸ்’ எழுத்துகளை எவரும் கேட்காமலேயே இதழ்கள் கைவிட்டன.

எந்த வடிவம் எப்போது

பி.பி.சி. 1926-இல் பேச்சு ஆங்கிலத்துக்கென ஓர் ஆலோசனைக் குழு அமைத்தது. அரசவைக் கவிஞர் ராபர்ட் பிரிட்ஜஸ் அதன் முதல் தலைவர், பின்னர் பெர்னார்ட் ஷா. அந்தப் பாரம்பரியத்தில் வளர்ந்த உச்சரிப்புப் பிரிவின் வழக்கம், ஆங்கிலத்தில் நிலைத்த பெயர் இருந்தால் அதைச் சொல்வது. இல்லையென்றால் ஊராரின் ஒலியை ஆங்கில ஒலிகளுக்குள் இயன்றவரை கொண்டுவருவது. இது அனுபவத்தில் தேறிய வழி. ஆங்கிலத்தில் பேச நேரும்போது நாம் இந்த வரிசையில் கேட்டுப் பார்க்கலாம்.

1. ஊர் எங்கே இருக்கிறது? அமெரிக்காவிலோ இங்கிலாந்திலோ இருந்தால் அந்த ஊராரின் வழக்கே முடிவு. பிரெஞ்சு அகராதிக்கு அங்கே வேலை இல்லை.

2. பெயருக்கு உரியவர்கள் குறிப்பிட்ட வடிவத்தை முறைப்படி கேட்டிருக்கிறார்களா? கேட்டிருந்தால் அதைத் தருவது.

3. ஆங்கிலத்தில் உயிரோடு இருக்கும் பழைய வடிவம் உண்டா? பாரிஸ், நார்மண்டி, டன்கர்க் போன்றவற்றை அப்படியே சொல்வது. ஆங்கில வாக்கியத்தின் நடுவில் ‘பாரி’ என்று நிறுத்திச் சொன்னால், கேட்பவர் கவனம் செய்தியை விட்டுப் பேசுபவர்மேல் திரும்பும்.

4. எதுவும் இல்லையென்றால் பிரெஞ்சு ஒலிக்கு அருகில் போவது. ஷாத்தோரூ இங்கே வரும். மூக்குயிரும் உள்நாக்கு ரகரமும் வராவிட்டால் குற்றமில்லை. எழுத்தைப் பார்த்துக் கடைசி ‘எக்ஸ்’ ஒலியைச் சேர்ப்பதுதான் தவறு.

கனடாவின் மொன்றியால் இந்த மூன்றாம் கேள்வியில் அடங்கும், ஆனால் ஒரு வேறுபாட்டோடு. பிரெஞ்சில் ‘மோன்ரேயால்’, நடுவில் உள்ள ‘டி’ ஊமை. ஆங்கிலத்தில் ‘மன்ட்ரியால்’. அந்த நகரத்திலேயே ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் தலைமுறைகளாக வாழ்வதால், ஆங்கில வடிவமும் ஊராருடையதுதான். புறப்பெயர் என்று அதைச் சொல்லிவிட முடியாது.

தமிழில் எழுதும்போது

புதுச்சேரி என்ற தமிழ்ப் பெயரைப் பிரெஞ்சுக்காரர்கள் ‘பொந்திஷேரி’ ஆக்கினார்கள், ஆங்கிலம் ‘பாண்டிச்சேரி’ ஆக்கியது. 2006-இல் அலுவல் பெயர் புதுச்சேரி என்று மாறியபிறகும், தமிழர் வாயில் பாண்டியும் பாண்டிச்சேரியும் மறையவில்லை. புறப்பெயர் ஊராருக்கே சொந்தமாகிவிட்ட இன்னொரு கதை அது. பாரிஸின் லா ஷப்பெல் வட்டாரத்தில் கடை வைத்திருக்கும் ஈழத்தமிழர்கள் அதை ‘லாசப்பல்’ என்கிறார்கள். போர்முனையில் பார்த்த நவ் ஷப்பெல்லில் உள்ள அதே சொல்தான். லாசப்பல் காதால் வாங்கிய பெயர், நாள்தோறும் புழங்கும் பெயர். அதைத் திருத்த எவருக்கும் உரிமை இல்லை.

பாரிஸும் தமிழில் நிலைத்துவிட்டது. நாம் எழுதும் பாரிஸ், ஆங்கிலத்தின் ‘பேரிஸ்’ அல்ல, பிரெஞ்சின் ‘பாரி’யும் அல்ல, அது நமக்கென்று அமைந்த வடிவம். அது இருக்கட்டும்.

நிலைக்காத ஒன்று திரைப்பட விழா நடக்கும் ஊரின் பெயர். ஒவ்வொரு மே மாதமும் நம் செய்திகளில் ‘கேன்ஸ்’ என்றும் ‘கான்’ என்றும் அது மாறி மாறி வருகிறது. பிரெஞ்சில் அந்தப் பெயரின் ‘ன்’ ஒலிக்கும், கடைசி ‘எஸ்’ ஒலிக்காது. ஆங்கிலேயரும் அந்த ‘எஸ்’ எழுத்தை ஒலிப்பதில்லை. ‘கேன்’ என்றோ ‘கான்’ என்றோ நிறுத்திக்கொள்கிறார்கள். ‘கேன்ஸ்’ என்பது எழுத்தைப் பார்த்து நாமே உண்டாக்கிக்கொண்டது, அதற்கு எந்த ஊரின் வழக்கும் துணை இல்லை. ஆகவே ‘கான்’ என்று எழுதுவதே சரி. ஒரு சிக்கல் மட்டும் மீதமிருக்கிறது. 1944-இல் கடும் போர் நடந்த நார்மண்டி நகரம் ஒன்றின் பெயரையும் நாம் ‘கான்’ என்றே எழுதிவருகிறோம். பிரெஞ்சில் விழா நகரின் பெயர் குறிலாக நின்று ‘ன்’ மெய்யில் முடியும். நார்மண்டி நகரின் பெயர் மெய்யே இல்லாத மூக்குயிர். இரண்டும் ஒரே பக்கத்தில் வர நேர்ந்தால், முதலாவதைக் ‘கன்’ என்றும் இரண்டாவதைக் ‘கான்’ என்றும் எழுதிப் பிரித்துக் காட்டலாம்.